கதவில்லாக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன்

சரிதா புதூர்நாட்டுப் பக்கம் பிறந்தவர். திருப்பத்தூரில் ஐ.டி.ஐ. முடித்து எலக்ட்ரீஷியன் ஆனார். பொம்பளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டவர்கள் வீட்டிலெல்லாம் பின்னாளில் அவர்தான் ஃபேன் மாட்டினார். முப்பத்தாறு வயதில், ஜமுனாமரத்தூரை அடுத்த ஓர் ஆராய்ச்சி மையத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது.

அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னையிலிருந்து வந்த ரஞ்சித்குமார். விஞ்ஞானிகள் கூடிப் பேசினால்தான் விஞ்ஞானம் வளரும், பேச்சுக்கு முதல் எதிரி கதவு என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே அறையும் இல்லை, கதவும் இல்லை. கழிப்பறைக்கு மட்டும் பெரிய மனது பண்ணிக் கதவு வைத்தார். நாற்காலிக்குப் பதில் பெரிய பெரிய மெத்துப் பைகள். ஐம்பது வயது கடந்தவர்கள் அதில் உட்கார்ந்தால் இன்னொருவர் கை கொடுத்துத்தான் எழ முடியும். அந்த அளவில் ஒத்துழைப்பு நடக்கத்தான் செய்தது.

முதல் வாரமே எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம், தேனீக்களின் ஒலியை ஆராயும் தேவயானி சரிதாவைத் தேடி வந்தார்.

“சரிதா, என் இடத்துக்கு ஒரு மறைப்பு வேணும். சின்னராஜ் சார் போன் பேசுறது என் தேனீயைவிட சத்தமா இருக்கு. அவருக்குத் தெரிய வேணாம்.”

கட்டட வேலையில் மிஞ்சிய பிளைவுட் பலகை ஒன்றைச் சரிதா நிறுத்தினார். மறுநாள், நட்சத்திர ஒளியை அளக்கும் சின்னராஜ் வந்தார்.

“நாள் பூரா ஙொய்ங்னு தேனீ சத்தம். எனக்கும் ஒரு பலகை வைம்மா. மேடத்துக்குச் சொல்லாத.”

நடுவில் ஏற்கெனவே பலகை நின்றது. சரிதா அதன் மறுபக்கத்தில் இன்னொன்றை வைத்தார். இருவருக்கும் திருப்தி. மூன்று மாதத்தில் பதினோரு தடுப்புகள் எழுந்தன.

அப்போது கட்டடம் ஒரு விருதுப் போட்டிக்குப் போனது. படம் எடுக்க ஒரு படக்காரரோடு ரஞ்சித்குமார் வருகிறார் என்றதும், பலகைகளையெல்லாம் சரிதா உட்காரும் ஜெனரேட்டர் கொட்டகைக்குக் கடத்தச் சொன்னார் மையத்தின் இயக்குநர். வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆளுங்க நின்னா டிசைன் தெரியாது சார், கொஞ்சம் வெளியே அனுப்புங்க” என்றார்.

வெளியே நல்ல மழை. கூடிப் பேசக் கட்டிய கட்டடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் கொட்டகையில் ஒதுங்கி, தங்கள் பலகைகள் மேலேயே உட்கார்ந்தார்கள். ஹெட்ஃபோன்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. வேறு வழியில்லாமல் சின்னராஜ் வாயைத் திறந்தார்.

“மழை பெய்யும்போது தேனீ சத்தத்தை மட்டும் எப்படிப் பிரிக்கிறீங்க?”

தேவயானி சொன்னார். சின்னராஜ் எழுந்தே விட்டார். “என் நட்சத்திரத்துலயும் இதே தொல்லைதாங்க!”

சரிதாவிடம் சாக்பீஸ் வாங்கிப் பலகையில் எழுதத் தொடங்கினார்கள். மழை விடுவதற்குள் இரண்டு பலகைகள் நிரம்பிவிட்டன. எட்டிப் பார்த்த ரஞ்சித்குமார் படக்காரரைக் கத்திக் கூப்பிட்டார்.

விருது கிடைத்தது. ‘தற்செயல் சந்திப்புகளுக்கென்றே நுட்பமாகத் திட்டமிடப்பட்ட கொட்டகை’ என்று தனியாகப் பாராட்டியிருந்தார்கள்.

அடுத்த மாதமே கொட்டகைக்குக் கண்ணாடிச் சுவர் வந்தது, மெத்துப் பைகள் வந்தன. உள்ளே பேச இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. பலகைகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பின. ஜெனரேட்டரைப் பின்பக்கம் தள்ளினார்கள், சரிதாவின் ஸ்டூலை மோட்டார் ரூமுக்குத் தள்ளினார்கள்.

“கொட்டகை ஒழுவுது சார், ஒழுவுதுன்னு வந்த நாள்லேர்ந்து கத்துனேன். அப்ப இன்னா பண்ணீங்க? இப்ப ஒரே வாரத்துல கூரை மாத்தறீங்க!” என்று சரிதா இயக்குநரிடம் நேராகவே கேட்டார். கொட்டகை இப்போது டிசைனில் வருகிறது என்றார் அவர்.

ஒரு மத்தியானம் மோட்டார் ரூம் வாசலில் தேவயானியும் சின்னராஜும் கை நிறையக் காகிதத்தோடு நின்றார்கள்.

“சரிதா, கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா?”

சரிதா வாளியை நகர்த்தி இடம் விட்டார்.

“ஒக்காருங்க மேடம். ஆனா மெதுவாப் பேசுங்க. நீங்க பேசிக்கிறது தெரிஞ்சா இதையும் புடுங்கிக்குவாங்க.”