பெரியம்மா வீட்டு வேன்

என் மகன் ஒன்றரை வயதிலிருந்து வளர்ந்தது கீழ்மாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவரின் வீட்டில். எனக்குக் கிள்ளான் பக்கம் மேருவில் தொழிற்சாலை வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். தூங்கும் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிப்போய் அவர் கையில் கொடுப்பேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கதி. மகன் அவரைப் பெரியம்மா என்பான். அவர் ஊட்டினால்தான் வாயைத் திறப்பான். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போதுதான் கிள்ளானில் பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. பேசியது யார், நடந்தது எங்கே, ஒன்றும் தெரியாது. வெள்ளை வேன் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. வங்காளதேசத் தொழிலாளர்களைக் கண்டால் ஒதுங்கினோம். மலாய்க்கார வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகளை விளையாட விடவில்லை. பிறகு எங்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் முறைக்கத் தொடங்கினோம்.

அக்காவின் தம்பி காய்கறி ஏற்றும் வேலைக்காக அவர் வீட்டில் புதிதாக வந்து தங்கியிருந்தார். அவருடையது வெள்ளை வேன். யாரோ அதைப் படம் எடுத்து எங்கள் புளோக் குரூப்பில் போட்டு, "இந்த வேன் யாருதுன்னு தெரியல லா. யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள்.

"நானும் பாத்தேன். இன்னிக்குக் காலையிலகூட கீழதான் நின்னுச்சு" என்று எழுதினேன்.

பொய் இல்லை. தினமும் அங்கேதான் நிற்கும். யாருடைய வேன் என்றும் எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதவில்லை. அக்காவின் தம்பி என்று ஒரு வரி போட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எழுதினால் நானும் அந்த வீட்டுக்கு உடந்தை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பழைய எரிச்சலும் என் விரலைப் பிடித்துக்கொண்டதா, இன்றுவரை தெரியவில்லை.

அன்று மாலையே வேன் கண்ணாடியை உடைத்தார்கள். தம்பியின் சட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள். போலீஸ் வந்து விசாரித்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. போலீஸ் சொன்னதை யார் கேட்டார்கள்? பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்புவதை ஒவ்வொருவராக நிறுத்தினோம். ஒருத்திக்கு மாமியார் வந்துவிட்டாராம், இன்னொருத்திக்கு நர்சரியில் இடம் கிடைத்துவிட்டதாம். ஷிப்ட் மாறிவிட்டது என்றேன் நான். அக்கா மகனின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.

"அவனுக்குச் சளி சீக்கிரம் புடிக்கும். ராத்திரி ஃபேன வேகமா வெக்காதம்மா" என்றார்.

மறுநாள் குரூப்பில் யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார்கள். பதிலுக்கு நானும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன். அந்த மாதக் கடைசியில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கடைகளுக்கு நடுவே மகன் என் கையை உதறிவிட்டு ஓடினான். போய்க் கட்டிக்கொண்டது அக்காவின் காலை. அவர் குனியவில்லை. இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார், கூட்டத்துக்கெல்லாம் தெரியும்படி.

"நீயே வந்து தூக்கிக்கம்மா. யாராச்சும் பாத்தா தப்பா நெனச்சிருவாங்க" என்றார்.

அவரைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் பேசிப் பார்த்திருக்கிறேன். எங்கள் புளோக் ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று நான் சுற்றுமுற்றும் தேடினேன். அதற்குப் பிறகுதான் மகனிடம் போனேன்.