நடந்து வந்த கல்

நேற்று மண்சரிவு நடந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டு உக்குவளை வீட்டுக்குத் திரும்பி வந்து, சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டி ஒரு ஜாம் போத்தலில் போட்டேன். தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். "ஊரே சேத்தக் கழுவி ஊத்துது, இவரு போத்தல்ல போட்டு வைக்கிறாரு" என்றாள் மனைவி. பழைய தொழில் புத்தி, என்ன செய்ய?

குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் இறங்கும். அதன் மேல் வண்டல். களிமண் மட்டும் இறங்க மனமில்லாமல் கலங்கியே நிற்கும், என்னை மாதிரி. ஆறும் இப்படித்தான் தரம் பிரித்துப் படிய வைக்கும். சரிகிற மலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பாறை, வேர், சேறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போகும்.

இதைப் படித்தது என் முதல் வேலையில், அதே தோட்டத்தில். மண் படிவுகளை ஆராய வந்த மிஸ்ஸுக்குக் குழி வெட்டுவதும், அவர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், எனக்கு 'மண்ணு டொக்டர்' என்று பெயர். கொழுந்து பறிக்கும் மாரியக்கா, "எங்க வீட்டுக்கு என்னா நோவு டொக்டரே?" என்று கேட்டுக்கொண்டே பிளேன்டீ தருவார். தீபாவளிக்குச் சுவரில் அவர் அடித்திருந்த நீலச் சுண்ணாம்பு என் முழங்கையெல்லாம் ஒட்டும்.

அவர் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய குழியில் பாறையும் சேறும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. அதற்குக் கீழே வேரோடு கறுப்பாக ஒரு பழைய தரை. லயம் நின்றதே எப்போதோ சரிந்து வந்த மலையின் மேல்தான். பக்கத்தில் பொட்டு வைத்த பெரிய கல், முனியாண்டி.

"இந்தக் கல்லும் மேல இருந்து வந்ததாம்" என்றேன்.

"அது தெரியாதா தம்பி? சாமி நமக்குக் காவலா நடந்து வந்து ஒக்காந்திருச்சு."

அதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. "மறுபடி நடக்கும். அதுக்கு முன்ன இவங்க போயிரணும்னு சொல்லுங்க."

"எங்க போறதுனு கேளுங்க" என்றார் மாரியக்கா.

அதையும் மொழிபெயர்த்தேன். மிஸ் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்து ஆட்களுக்கு வேறு காணி கொடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போட்டோம். பிறகு வருஷக்கணக்காக, மாத்தளைச் சந்தையில் பார்க்கும்போதெல்லாம் மாரியக்கா, "காணி வந்துச்சா டொக்டரே?" என்பார். "வண்டல் மாதிரி மெதுவாத்தான் வரும்க்கா" என்பேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

நேற்றுப் பார்த்தால் லயம் இல்லை. குழி வெட்டிய இடமும் தெரியவில்லை. முனியாண்டி கீழே ரோட்டோரம் தலைகீழாகக் கிடந்தார். அவர் பக்கத்தில் மாரியக்காவின் மகன் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"சாமி எறங்கி வந்திருச்சு, பாத்தீங்களா? எங்கம்மாவ விட்டுட்டு வந்திருச்சு."

அவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, லயம் இருந்த பக்கம் சேற்றில் ஏறினேன்.

இன்று காலை போத்தல் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அடி மணலோடு விரல் நகமளவு நீலச் சுண்ணாம்பு கிடக்கிறது. ஜாம் போத்தலைக் கழுவ வந்த மனைவி, அது எந்த வீட்டுச் சுவர் என்று நான் சொன்னதும் மூடியை இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.