கேரட் தப்பட்டைக்கு வந்த வாழ்வு

இன்று ஒரு கேரட் தப்பட்டையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்த்துவந்த தேயிலை ஃபாக்டரியை, விலைச் சரிவில் மூடிவிட்டார்கள். ஒத்திகைக்கு ஓர் அறையும் கொஞ்சம் நிதியும் கேட்டு, குழுவில் தப்பட்டை அடிக்கும் முருகேசு அண்ணனோடு மறுபடியும் கவர்மெண்டு ஆபீஸுக்குப் போனேன்.

"ஏனுங்க, தேயிலைக்கே விலை இல்லைங்க. இப்பப் போயி நாடகத்துக்குக் காசு கேக்கறீங்களே?" என்றார் அதிகாரி.

திரும்பும் வழியில், பூங்காவில் காய்கறிக் கண்காட்சி. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு தப்பட்டை, முழுக்கக் கேரட்டில் செய்தது. அதற்குப் பந்தல் இருந்தது, விளக்கு இருந்தது, வாடாமல் தண்ணீர் தெளிக்க ஓர் ஆள்கூட இருந்தார்.

எங்கே தப்பட்டையைக் கண்டாலும் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு தட்டுத் தட்டினார். நாலைந்து கேரட் உதிர்ந்தன.

காவலாளி ஓடிவந்தார். "கை வெக்காதீங்க! கவர்மெண்டு செலவு பண்ணி வெச்சிருக்குதுங்க!"

"சத்தமே வரலீங்களே," என்றார் அண்ணன், நிஜமான வருத்தத்தோடு.

சத்தம் வராததால்தான் அதற்குப் பந்தல் கிடைத்திருக்கிறது போல.

அடுத்த மனுவைக் காய்கறி வேஷத்தில் போய்க் கொடுப்பதாக முடிவு. முட்டைக்கோஸ் நான். பீட்ரூட்டுக்கு ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்?