மகள் தலையில் வைக்க வந்த கை

என் மகளை அமுக்குவான் அமுக்கிய செய்தி எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. அனுப்பியவர் என் கணவர். எனக்கு அனுப்பவில்லை, எங்கள் செபக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். ‘மகள் தூக்கத்தில் எழ முடியாமல் தவிக்கிறாள், நெஞ்சில் ஏதோ உட்காருகிறதாம், செபிக்கவும்.’ ஆய்வகத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. கடைசியில், குழுவை நடத்தும் கிளமெண்டி வட்டாரத்து அக்கா எழுதியிருந்தார்: ‘சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து பிள்ளைமேல் கைவைத்துச் செபிப்போம்.’

அந்தக் கைகளை எனக்குத் தெரியும். என் பிள்ளையின் தலையில் அவை படக்கூடாது, அவ்வளவுதான் என்று சோற்று டப்பாவை மூடினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குத்தான் முதலில் வந்தது. அப்போது எனக்கு ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. இரவு வேலை முடிந்து காலையில் புக்கிட் மேரா அடுக்குமாடி வீட்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுப்பேன். ஒரு நாள் மதியம் மல்லாந்து படுத்திருந்தேன். விழிப்பு வந்தது, உடம்பு வரவில்லை. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, கீழே புல் வெட்டும் மெஷின் சத்தம் கேட்கிறது, ஒரு விரலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின்மேல் கனம். கால்மாட்டில் யாரோ நிற்கிறார்கள். கத்துகிறேன், காற்றுகூட வரவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் பள்ளியிலிருந்து வந்தாள். எட்டிப் பார்த்தாள். அம்மா தூங்குகிறாள் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. கை மட்டும் வந்திருந்தால் அன்றைக்கு அவளை ஓர் அறை விட்டிருப்பேன்.

கணவரிடம் சொன்னேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். கிரேன் பழுதானால் மேனுவலைப் புரட்டுகிற மனிதர், மனைவி பழுதானதும் செபக் குழுவைக் கூப்பிட்டார். அக்காவும் மூன்று பெண்களும் வந்தார்கள். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி நின்றார்கள். தலையில் அக்காவின் இரண்டு கை, தோளுக்கு ஒருவர், முதுகில் ஒருவர். பகலில் என்னை அமுக்கிய எதுவும் அவ்வளவு கனமாக இல்லை. அமுக்கிக்கொண்டே கேட்டார்கள். யாரிடம் சண்டை? எந்தப் பாவத்தை மறைக்கிறாய்? நான் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கம்மா வீட்டுத் தெய்வம் உன்ன இன்னும் விடலம்மா. அந்த வீட்டுப் பொருள் ஏதாச்சும் இங்க இருக்கா?”

இருந்தது. அம்மா கொடுத்த சின்னக் காமாட்சி விளக்கு, ஏற்றாமல் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். அதை நானே எடுத்துவந்து, சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டேன். எட்டாவது மாடியிலிருந்து அது இடித்து இடித்து இறங்குவதை எல்லாரும் கேட்டார்கள். அக்கா “ஆமென்” என்றார். என் கணவரும் சொன்னார்.

விளக்கு போயிற்று, அது போகவில்லை. அப்படியானால் விசுவாசம் போதவில்லையாம். வெள்ளிக்கிழமை பட்டினி, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து செபமாலை. தூக்கம் கெட்டால் வருகிற தொல்லைக்குத் தூக்கத்தைக் கெடுப்பதையே வைத்தியமாகக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு தடவை வந்தது நான்கு தடவை வந்தது. ஊரார் ரத்தத்தையெல்லாம் பரிசோதித்து ரிசல்ட் அனுப்புகிற எனக்கு, ஒரு டாக்டரைக் கேட்கவேண்டும் என்று நான்கு மாதம் புத்தி வரவில்லை. அந்தக் கோபத்தை யார்மேலும் போட முடியாது, அது என் பங்கு.

வேலையிடத்தில் பக்கத்து மேசை மலாய் அம்மாதான் ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னதும் சிரித்தார். “திண்டே லா அது! ஷிப்ட் பார்க்கிற எல்லாருக்கும் வரும். கிளினிக் போ” என்றார். மலாயில் அமுக்குவானுக்கு அப்படி ஒரு பேர். போனேன். இளவயது சீன டாக்டர், பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். கனவு காணும்போது எழுந்து ஓடாமல் இருக்க மூளை உடம்பைப் பூட்டிவைக்கிறது. சில நேரம் பூட்டு திறப்பதற்குமுன் விழிப்பு வந்துவிடுகிறது, கனவின் மிச்சம் கண்ணெதிரே நிற்கிறது. பெரும்பாலும் ஆபத்தில்லை. தூக்கம் குறைந்தால், நேரம் மாறி மாறித் தூங்கினால், மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். போராடாதீர்கள், மூச்சை மெதுவாக விட்டு ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள் என்றார். அடிக்கடி வந்தாலோ பகலில் அடக்கமுடியாத தூக்கம் வந்தாலோ மறுபடி வரச் சொன்னார். பாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஆத்திரம் ஆத்திரமாக அழுதேன்.

வேலையை நிரந்தரப் பகலுக்கு மாற்றிக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன். இப்போது வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வரும். வந்தால் கால் கட்டைவிரலைத் தேடுவேன், போய்விடும்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். செகண்டரி மூன்று படிக்கிறாள், வயது பதினைந்து. படுக்க ஒரு மணி, எழுந்திருக்க ஐந்தரை, பள்ளி விட்டதும் சோபாவில் மல்லாந்து விழுவாள்.

“டிவி பக்கத்துல ஒரு ஆள் நின்னுச்சும்மா. ஐ குட் நாட் மூவ். என்னைய ஏதோ பிடிச்சிருக்கா?”

“ஒண்ணும் பிடிக்கல. மூளை முழிச்சிருச்சு, உடம்பு முழிக்கல. எனக்கும் வரும். அடுத்த தடவ கால் விரல மட்டும் ஆட்டிப் பாரு. டென் தர்ட்டிக்குப் போனை என்கிட்ட குடுத்துட்டுப் படு.”

“செபத்துக்கு அவங்க வருவாங்களா?”

“வரட்டும். உன்மேல கை வைக்க மாட்டாங்க.”

கணவரிடமும் சொன்னேன், கிளினிக்குக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், அவர்களை வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று. “வர்றேன்னு சொன்னவங்கள எப்படித் தடுக்கறது” என்றார். பெண்டாட்டி பிள்ளை நெஞ்சில் பேய் உட்காரலாம், செபக் குழுவின் முகம் வாடக்கூடாது.

சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு வந்தார்கள். கணவர் வாசல் கம்பிக் கேட்டைத் திறந்தார். நான் தடுக்கவில்லை, காப்பி கொடுத்தேன். அக்கா காப்பியை வைத்துவிட்டு நாற்காலியை ஹாலுக்கு நடுவே இழுத்தார். “வாடா செல்லம், உக்காரு” என்றார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். அக்காவின் கை அவள் தலைக்கு வந்தது. அந்த மணிக்கட்டைப் பிடித்து விலக்கினேன். மெதுவாக எல்லாம் இல்லை.

“வேணாங்க்கா. செபிக்கிறதுன்னா அங்க உக்காந்து செபிங்க. தொடாதீங்க.”

“என்னம்மா இப்படிப் பேசற? உன்ன விட்டது உன் பிள்ளைய வந்து பிடிச்சிருக்கு. பயமா இல்லையா உனக்கு?”

“உங்கள நெனச்சாதாங்க்கா பயமா இருக்கு.”

கணவர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். நான் திரும்பவில்லை. அக்கா பையை எடுத்தார், மற்ற மூவரும் எழுந்தார்கள். கணவர் லிப்ட் வரைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார். எனக்கு ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

மகள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“அம்மா, அன்னிக்கு உங்களச் சுத்தி நின்னப்போ நான் ரூம்லேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க அழுதீங்க. அவங்க கைய ஏம்மா எடுக்கல?”

அன்றைக்கு நான் தூக்கத்தில் இல்லை. என் கையும் காலும் நன்றாகத்தான் இருந்தன.