குதிரைமுடி முடிச்சு

ஏழாம் வகுப்பில் எங்களைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கோ குளிர்நாட்டில் எடுத்துத் தமிழ் பேசவைத்த குழந்தைகள் படம். இரண்டு சிறுமிகள், ஒரு வெள்ளைக் குதிரை, ஒரு சூனியக்காரி, பத்து நிமிடத்துக்கு ஒரு பாட்டு. அவர்கள் வாயை மூடிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தியேட்டரே சிரித்தது. நானும் அவளும் சிரிக்கவில்லை. அவள் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சூனியக்காரியை.

அவள் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. கல்பாக்கம் குடியிருப்பில் எதிர்வீடு. அங்கே அப்பாக்கள் எல்லாரும் அணு ஆராய்ச்சிக்குப் போனார்கள், அம்மாக்கள் ஆளுக்கொரு ஊர்த் தமிழ் பேசினார்கள். அவள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ். என் வீட்டில் பேச்சே குறைவு. அதனால் நான் அவள் வீட்டிலேயே கிடந்தேன்.

படத்தில் சூனியக்காரிக்குக் குதிரை மேல் அப்படியொரு ஆசை. அது ஓடிவிடாதபடி வாலில் மூன்று முடி பிடுங்கி, சிவப்பு நூல் சேர்த்து, ஏழு முடிச்சுப் போட்டு, லாயத்தின் வாசலில் ஒளித்துவைப்பாள். அப்போது பாடுவாள்: "முடியில முடிச்சு, முடிச்சிட்டேன் முடிச்சு, முடிஞ்சா போ, முடிஞ்சா போ!"

தினமும் சாயங்காலம் சவுக்குத் தோப்பில் அந்தப் படத்தை மறுபடி நடத்தினோம். குதிரையும் அவளே, இரண்டு சிறுமிகளும் அவளே. சூனியக்காரி நான். யாரும் சொல்லி ஆகவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்ததும் அவள் அப்பாவுக்குப் பம்பாய்க்கு மாற்றல் வந்தது, பதவி உயர்வோடு. அவள் அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். "பம்பாய்ல மாடி பஸ்ஸு உண்டுமாம்ட்டி" என்று அவள் குதித்தாள். போகிறாள் என்பதைக்கூடத் தாங்கியிருப்பேன். குதித்ததைத்தான் தாங்கமுடியவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவை நச்சரித்து மகாபலிபுரம் போனேன். கடற்கரையில் சவாரிக் குதிரைகள். வெள்ளை இல்லை, உப்புக்காற்றில் வெளுத்த பழுப்பு. ஒன்றின் பின்னால் போய் நின்றேன்.

"ஏறலயா பாப்பா? பின்னாடி இன்னா நின்னுகினு கீற? ஒதச்சா பல்லு பூடும்" என்றார் குதிரைக்காரர்.

"வால்ல மூணு முடி வேணும்ணா."

"இன்னாது? யானை முடின்னா மோதரம் போட்டுக்குவாங்க. குதிர முடிய வச்சி இன்னா பண்ணுவ? மீசை வச்சிக்கப் போறியா?"

சிரித்துக்கொண்டே பிடுங்கிக் கொடுத்தார். குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏழு முடிச்சும் போட்டேன், பாட்டோடு. மறுநாள் மாலை அவர்கள் வீட்டு மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். சினிமாவுக்காக யாரோ யோசித்த மந்திரம், எங்கள் பக்கத்தில் எல்லா அம்மாக்களும் பயப்படுகிற பொருள்களாலேயே ஆகியிருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. முடி, சிவப்பு நூல், வாசல்படி.

காலையில் கோலம் போட வந்த அவள் அம்மா கத்தினார். "வாசல்ல வச்சிருக்காவளே! எவளோ செய்வின வச்சிட்டாளே!"

"காத்துல வந்திருக்கும்" என்றார் அவள் அப்பா.

"ஏழு முடிச்சும் போட்டுக்கிட்டா காத்துல வரும்?"

வெளியே வந்த அவள், "இது அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். எதிர்வாசலில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு நான்.

அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. மகளை நிற்கவைத்து உப்பும் மிளகாயும் சுற்றி, அந்த முடிச்சோடு சேர்த்து நெருப்பில் போட்டார். மிளகாய் கமறவில்லை. கமறாவிட்டால் செய்வினை நிஜம் என்று அர்த்தம். நான் என் வாசலில் நின்று இரும முயன்றேன். இருமல் வரவில்லை.

அதோடு போயிருக்கலாம். பத்து நாளில் மாற்றல் ரத்தானது. வேறு யாரையோ அனுப்புகிறார்களாம், பதவி உயர்வும் அவருக்கே. செய்தி தெரிந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நான் பாடினேன். "முடிஞ்சா போ, முடிஞ்சா போ." அந்தச் சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் பள்ளியில் அவளிடம், "சும்மா வெளையாட்டுக்குத்தான் வச்சேன்" என்றேன். அதுவும் பொய்.

"அப்பா அழுதாவ, தெரியுமா?" என்றாள்.

அதன்பிறகு அவள் பேசவில்லை. விஷயம் பரவி, வகுப்பில் எனக்குச் சூனியக்காரி என்று பெயர் விழுந்தது. அவள் மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எப்படியும் கூப்பிட்டதில்லை. போயிருந்தால் கடிதம் எழுதியிருப்பாள், நானும் தபால்காரருக்காகக் காத்திருந்திருப்பேன். அவள் போகவில்லை. நான்கு வருடம், எதிர்வீட்டு ஜன்னலில் அவள் தலைவாரிக்கொள்வது தெரியும். அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். பிற்பாடு எத்தனையோ ஊர்களில் அறை எடுத்துத் தனியாக இருந்தாயிற்று. எதுவும் அந்த ஜன்னல் அளவுக்கு இல்லை.

பதினோராம் வகுப்பில் செங்கல்பட்டுக்கு டியூஷன் போனோம், ஒரே பேருந்தில், தனித்தனியாக. ஒருநாள் திரும்பும்போது என் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"இடம் கீதேம்மா, குந்தேன்" என்றார் நடத்துநர்.

"பரவால்ல."

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறியது. என் பக்கத்து இடத்தில் ஒரு அம்மாள் குழந்தையோடு உட்கார்ந்தார். அவள் பை எல்லார் முதுகிலும் இடித்தது.

"பைய குந்திகினு கீறவங்க கைல குடும்மா! எல்லாரையும் இட்சிகினு!" என்று நடத்துநர் கத்தினார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். கைக்கெட்டிய மடிகளில் காலியாக இருந்தது ஒன்றுதான். பையை அதில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கனமான பை. ஒரு வளைவில் சரிந்தது, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். ஊர் வரும்வரை அசையவில்லை, கால் மரத்துப்போனது.

நிறுத்தம் வந்தது. கை நீட்டினாள்.

"குடு" என்றாள்.

கொடுத்தேன்.