ஏழாம் பெட்டில் யாரும் இல்லை

வாளியின் மூடியைத் தூக்குவதற்கு முன் சிஸ்டர் இரண்டு தட்டு தட்டுவார். நோயாளி இருக்கும் அறைக்குள் தட்டாமல் நுழையக் கூடாது என்பது முப்பத்தோரு வருடப் பழக்கம். உள்ளே இருப்பது தக்காளிச் செடி என்பதற்காக அது விட்டுப் போய்விடுமா? தட்டி, தூக்கி, மூடியோடு சேர்ந்து மேலே வரும் வேர்க்கொத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார். "எங்க, நாக்க நீட்டு பாப்போம்" என்பார். வேர் தும்பைப்பூ மாதிரி வெளுத்திருந்தால் தலையை ஆட்டிவிட்டு இறக்கிவிடுவார். கொஞ்சம் பழுப்படித்திருந்தாலும் போதும், குனிந்து முகர்ந்து பார்ப்பார். "அழுகல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும்." இதை எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. புண்களிடம் கற்றுக்கொண்டது.

தெருவுக்கே அவர் சிஸ்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. ஓய்வு பெற்றது ஆஸ்பத்திரியின் கணக்கில். அவர் கணக்கில் இல்லை. மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான பின்னறையை வார்டாக்கிவிட்டார். அந்த அறைக்கு ஒரே சன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். உச்சி வெயிலிலும் உள்ளே அந்திதான். அதனால் செடிகளுக்கென்று ஊதா விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத் தெரியும், மனிதர் முகம் மூழ்கி எழுந்தவர் முகம் மாதிரி தெரியும். மேல்வீட்டு டெய்லரம்மா ஒருமுறை கத்தரிக்காய் வாங்க வந்து, வாசற்படியைத் தாண்டாமலே நின்றார். "சிஸ்டர், நீங்களே பறிச்சிக் குடுத்துடுங்க. உள்ள யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு" என்றார்.

டெய்லரம்மா சொன்னதில் தப்பில்லை. அங்கே மூச்சு விடத்தான் செய்கிறது. மண் என்பது மருந்துக்கும் கிடையாது. மூடி போட்ட ஏழு வாளிகள், சுவரோரம் வரிசையாக. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஓர் ஓட்டைக் கிண்ணம், அதில் சுட்ட களிமண் உருண்டைகளுக்கு நடுவே செடி. வேர் கீழே சத்துப்பொடி கரைத்த தண்ணீரில் தொங்கும். வேர் மூச்சுத் திணறக் கூடாதே, அதற்காக மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரிலிருந்து வாளிக்கு ஒரு மெல்லிய குழாய். மூடிக்கு அடியில் எந்நேரமும் குமிழி கொப்பளித்துக்கொண்டே இருக்கும். வாளியின் வெளிப்பக்கத்தில் நிற்கும் தெளிவான குழாயைப் பார்த்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று தெரியும். ஒரு வாளிக்கும் இன்னொன்றுக்கும் தண்ணீர்த் தொடர்பு கிடையாது. "ஒருத்தர் வியாதி அடுத்தவருக்குப் போகக் கூடாது."

வாளி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. பெட் என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்றாம் பெட்டும் இரண்டாம் பெட்டும் தக்காளி. மூன்று வெள்ளரி. நான்கு குடைமிளகாய், அது எப்போதும் ஏதாவது சொல்லி அழும். ஐந்து கத்தரி, ஆறு பீன்ஸ். சாய்கிற கிளையைக் கயிற்றால் கட்ட மாட்டார், பேண்டேஜ் துணிதான். மூடியில் ஒட்டியிருக்கும் எண்கள் பிளாஸ்டர் துண்டில் எழுதியவை. அந்தத் துண்டுகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு முனை மட்டும் உள்பக்கமாக மடித்திருக்கும். தோலில் ஒட்டிய பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி எடுத்தால் நோயாளிக்கு வலிக்கும். மடித்த முனை இருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். புதிதாக வரும் நர்ஸ் பெண்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

ஏழாம் பெட் காலி. கிண்ணத்தில் வெறும் உருண்டைகள், கீழே சத்துப்பொடி போடாத வெறும் தண்ணீர். ஆனால் காற்றுக் குழாய் உண்டு, குமிழி உண்டு. ஏன் என்று கேட்டால் கோபம் வரும். "எந்த வார்டுலயும் ஒரு பெட் ரெடியா இருக்கணும். திடீர்னு ஒருத்தர் வந்து சேர்ந்தா வராந்தாவுலயா போடுவீங்க?" அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தெருவில் அவருக்கு டிரைவர் என்று பெயர். அவர் கதவில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "ஏழாம் பெட்டு யாருக்கு, விஐபிக்கா? சீட்டுல துண்டு போட்டு வெக்கற மாதிரியில்ல இருக்கு." சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "விசிட்டர் டைம் முடிஞ்சது. கெளம்புங்க."

காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, அட்டையில் செருகிய தாளில் ஒவ்வொரு பெட்டும் எவ்வளவு குடித்தது என்று எழுதுவார். அந்தத் தாளில் வேறு கை படக்கூடாது. ஒருநாள் அவர் காய்ச்சலாய்க் கிடந்தபோது டிரைவர் உதவியாக இரண்டு எண்களை எழுதிவிட்டார். சிஸ்டர் காய்ச்சலோடு எழுந்து வந்து, தாளைக் கிழித்துப் போட்டுப் புதுத் தாளில் எழுதிவிட்டுப் போய்ப் படுத்தார். எழுதுவதற்கு அவரிடம் ஒரே சட்டம்தான்: "பாத்தத எழுது. நெனச்சத எழுதாத."

அந்தச் சட்டப்படிதான் ஒரு மாலை அவர் எழுத வேண்டியதாயிற்று: ஏழாம் பெட், அரை விரல்கடை குறைவு.

செடி இல்லை, வேர் இல்லை. மூடி இறுக்கமாக இருந்தது. வாளியைச் சுற்றிலும் தரையைத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. வெளிக்குழாயில் போட்டிருந்த கோடு வரை நிரப்பிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் கோட்டில்தான் நின்றது. மாலையில் மறுபடி அரை விரல்கடை குறைவு. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஆவியாகிப் போகிறதோ என்று குளியலறையில் இன்னொரு வாளியில் தண்ணீர் நிரப்பி, மூடி, அதற்கும் காற்றுக் குழாய் போட்டு வைத்துப் பார்த்தார். மூன்று நாளாகியும் அது கோட்டை விட்டு அசையவில்லை. ஏழாம் பெட் மட்டும் பகலில் குடித்தது. பகலில் மட்டும் குடித்தது.

"வந்து சேந்துட்டார் போலிருக்கு உன் பேஷண்ட்" என்றார் டிரைவர். ஆனால் சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. அது சிஸ்டருக்கு அப்போது உறைக்கவில்லை.

பேயைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை சிஸ்டர். எத்தனையோ கண்களைக் கையால் மூடியவர். அவருக்குப் பயமெல்லாம் வேறு. அவருடைய அக்காவுக்கும் இதே அறுபத்தோரு வயதில்தான் ஆரம்பித்தது. ஒரே துணியை ஒரே நாளில் மூன்று முறை துவைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பற்றவைத்தது யார் என்று சண்டைக்கு வந்தாள். மகள் போன பிறகு, கடைசி இரண்டு வருடம் இதே பின்னறையில் இருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், சிஸ்டர்தான் டம்ளரை வாயில் வைத்துக் கெஞ்சிக் கெஞ்சிப் புகட்டுவார். ஒருநாள் குடித்து முடித்து, வாயைத் துடைத்துவிட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "நர்ஸம்மா, என் தங்கச்சி எப்ப வருவா?" என்று கேட்டாள். தங்கச்சி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே சிஸ்டருக்கு இரண்டே வழி. ஒன்று, வாளி குடிக்கிறது. இல்லையென்றால், பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிறோம், அக்காவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது. வாளி குடிக்கட்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். "பேய் குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும். தாகம் எல்லாருக்கும் பொதுதானே" என்று வெள்ளரியிடம் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மாலை தண்ணீர் குறையவில்லை. கோட்டுக்கு மேலே ஒரு நூல் ஏறியிருந்தது.

குடிக்கிற வாளியைக்கூட ஏற்றுக்கொள்ளலாம். குடித்ததைத் திருப்பித் தருகிற வாளியை என்ன செய்வது? "வாந்தி எடுத்திருக்காரோ என்னமோ" என்று டிரைவர் முணுமுணுத்தார், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். காலைக் கணக்கை எழுதியதும் ஏழாம் பெட்டின் மூடிக்கும் வாளிக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டரை ஒட்டினார். யார் திறந்தாலும் தெரிய வேண்டும். நோயாளிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் இல்லை இது, சீல். அதனால் முனையை மடிக்கவில்லை. கட்டைவிரலால் ஓரம் ஓரமாய்த் தேய்த்து, வாளியின் தோலாகவே ஆகிற மாதிரி அழுத்திவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல முன்னறைச் சாய்வு நாற்காலியில் ஒருமணி நேரம் கண்ணயர்ந்தார்.

மாலை ஆறு மணிக்குப் போனபோது பிளாஸ்டர் இருந்த இடத்தில் இருந்தது. கிழியவில்லை, சுருங்கவில்லை. தண்ணீர் அரை விரல்கடை குறைந்திருந்தது. ஊதா வெளிச்சத்தில் டார்ச்சை அடித்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஆறு வாளியும் கொப்பளித்துக்கொண்டிருந்தன. ஏழாவதும்தான்.

பிளாஸ்டரின் ஒரு முனை மடித்திருந்தது. உள்பக்கமாக, அழகாக, அரை நக அளவு.

வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏங்க, இங்க வாங்க."

டிரைவர் வந்தார். சிஸ்டர் பிளாஸ்டர் சுருளை நீட்டினார். "இதுல ஒரு துண்டு கிழிச்சு, இந்த வாளியில ஒட்டுங்க."

"எதுக்கு?"

"ஒட்டுங்கன்னா ஒட்டுங்களேன்."

டிரைவர் சுருளைப் பல்லால் கடித்து இழுத்தார். கோணலாகக் கிழிந்தது. விரலில் ஒட்டிக்கொண்டதை உதறி, வாளியில் வைத்து உள்ளங்கையால் ஓர் அடி அடித்தார், பஸ்ஸின் பக்கத் தகட்டைத் தட்டுகிற மாதிரி. மடிப்பு என்ற ஒன்று அவர் நினைப்பிலேயே இல்லை. சிஸ்டர் அந்தக் கசங்கலையும், பக்கத்தில் இருந்த மடித்த முனையையும் பார்த்தார். இந்த வீட்டில் அப்படி மடிக்கிற விரல்கள் பத்துதான்.

முக்காலியில் உட்கார்ந்தார். "எத்தன நாளா?" என்றார்.

டிரைவருக்குப் புரியாமலில்லை. "நான் என்னத்த..." என்று இழுத்தார்.

"பாத்தத சொல்லுங்க. நெனச்சத சொல்ல வேணாம்."

டிரைவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சு ஆறு நாளா. மத்தியானம் மூணு மணி இருக்கும். தூங்கிட்டிருப்ப, எழுந்து நேரா இங்க வருவ. கதவ ரெண்டு தட்டு தட்டுவ. ஏழாவது மூடியத் தொறந்து அந்தப் பெரிய டம்ளர்ல மொண்டு எடுப்ப. எடுத்துட்டு, அக்கா கட்டில் கிடந்துச்சே, அந்த மூலைக்குப் போயி டம்ளர இவ்வளவு ஒசரத்துல புடிச்சிட்டு நிப்ப."

"நின்னு?"

"'ஒரே ஒரு வாய், அக்கா'ன்னுவ. பொறுமையா நிப்ப. அப்பறம் முந்தானையால தொடச்சி விடுவ. அங்க ஒண்ணும் இல்ல. ஆனா சரியா வாய் இருக்கற எடத்துல தொடைப்ப. மிச்சத் தண்ணிய வாஷ்பேசின்ல ஊத்திட்டு, மூடிய மூடிட்டு வந்து மறுபடி படுத்துடுவ. எழுந்தா உனக்குத் தெரியாது."

"நேத்து ஏறியிருந்ததே?"

"நான்தான் ஊத்தினேன்." டிரைவர் ஏழாம் வாளியைத் தொட்டுக் காட்டினார். "நீ பயப்படறத பாக்க முடியல. எடுத்த அளவுக்குத் திருப்பி ஊத்திட்டா சரியாப் போயிடும்னு பாத்தேன். கொஞ்சம் அதிகமா விழுந்துடுச்சு. நாப்பது வருஷம் ஸ்டீரிங் புடிச்ச கை, ஒரு டம்ளரப் புடிக்கத் தெரியல பாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நெசமாயிடும்னு."

சிஸ்டர் மூலையைப் பார்த்தார். கட்டில் போய் நான்கு வருடமாகியும் அதன் கால்கள் தரையில் பதித்த நான்கு வட்டங்கள் இன்னும் இருந்தன. வட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர், மத்தியானத்துத் தண்ணீர், முழுதும் காயாமல் கிடந்தது. எழுந்து போய் அதைக் காலால் தேய்த்தார். பிறகு திரும்பி வந்து, மாலை வேலையைப் பார்த்தார். ஒன்றாம் பெட், இரண்டாம் பெட், மூன்றாம் பெட் என்று வரிசையாகத் தட்டி, திறந்து, பார்த்து, எழுதினார். நான்காம் பெட் குடைமிளகாயில் ஓர் இலை மஞ்சளித்திருந்தது, அதையும் எழுதினார். "உனக்கு எப்பவும் ஒரு கொறை" என்று அதைக் கடிந்துகொண்டார்.

ஏழுக்கு வந்ததும் பேனா நின்றது.

பிளாஸ்டர் சுருளை எடுத்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கத்தரியால் நேராக வெட்டினார். அதில் ஏழு என்று எண்ணால் எழுதினார். ஒரு முனையை அரை நக அளவுக்கு உள்ளே மடித்தார், எடுக்கும்போது வலிக்கக் கூடாது என்று. தன் இடது கை மணிக்கட்டில் அதைச் சுற்றி ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டார்.

பிறகு அட்டையையும், மூடி கழற்றிய பேனாவையும் டிரைவரிடம் நீட்டினார்.