ரதியின் நெற்றி

மாத்தளை டவுனில் த்ரீவீல்களின் முதுகில் பெயர் எழுதிப் பிழைக்கிற அஜிதாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பிடித்துவந்து, கூத்து உடுப்பு மாட்டி, அரிதாரம் பூசி, திரௌபதியாகவும் அல்லியாகவும் நிற்கவைத்து வரைவாள். கொழுந்தெடுக்கிற கையில் வாளைக் கொடுத்துப் பாருங்கள், அடேயப்பா! "இதெல்லாம் யாரு வாங்கப்போறாங்க?" என்று வீட்டில் கேட்டால், "வாங்காட்டிப் போங்க" என்பாள். நாற்பத்தாறு வயதாகியும் அந்த வாய் அடங்கவில்லை.

இந்த மாசியில் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் ரதி மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குப் பின்திரை கேட்டார்கள். அவள் வரைகிற பெண்ணொருத்தி ஊர் கூடும் இடத்தில் நிற்கப்போவது இதுதான் முதல்முறை. கல்யாணக் கோலத்தில் ஆறடி ரதியை வரைந்தாள். முகம் தங்கலெச்சுமியுடையது. அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள்; புருஷன் செத்து மூன்று வருஷம்.

திடலில் திரையைக் கட்டியதுதான் தாமதம், தோட்டத் தலைவர் நடராஜா ஒரு மூலையை அவிழ்த்துவிட்டார்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க? தாலி அறுத்தவ மூஞ்சியக் கொண்டாந்து சாமி காரியத்துல நிறுத்துவியா? மூஞ்சிய மாத்து. இல்லாட்டி சுருட்டிக்கிட்டுக் கெளம்பு."

அஜிதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் மீசையை மழித்துவிட்டு ரதி வேஷம் கட்டுகிற பவித்ரன் அங்கேதான் நின்றான். அவனைக் காட்டினாள்.

"தலைவரே, இவரு ரதியா நின்னா கும்பிடுறீங்க. கதையில ரதிக்கு என்னா நடக்குது? புருஷன் எரிஞ்சு சாம்பலாப் போறான், நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவுறா. அந்த அழுகை இவருக்குத் தெரியுமா, தங்கலெச்சுமிக்குத் தெரியுமா? நான் மாத்த மாட்டேன், போங்க!"

பவித்ரன் தலையைச் சொறிந்தான். அந்த நேரம் பார்த்துக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னால் தங்கலெச்சுமி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு. தலைவரோடு அஜிதா மல்லுக்கு நிற்கலாம். இவளே வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

தங்கலெச்சுமி கிரீடத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள்.

"பொட்டு எங்கக்கா?"

கல்யாண ரதிக்குப் பொட்டு வைக்க எந்த ஓவியர் மறப்பார்? அஜிதா மறக்கவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று, இத்தனை வாய் பேசுகிறவள், பயந்துபோய் வைக்காமல் விட்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்களும் பயந்துட்டீங்களா? என்னைய நிக்கவச்சு வரையறப்ப மட்டும் என்னா பேச்சுப் பேசுனீங்க!"

அஜிதாவின் சிவப்புச் சாய டப்பாவில் கட்டைவிரலைத் தோய்த்து, குதிகாலை உயர்த்தி, ரதியின் நெற்றியில் அழுத்தி வைத்தாள் தங்கலெச்சுமி. விரலில் மிச்சமிருந்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மாத்தச் சொல்லுங்க. ரெண்டு மூஞ்சியையும் சேத்து மாத்துங்க, பாப்போம்."

பவித்ரன் குனிந்து கயிற்றை எடுத்து, அவிழ்ந்த மூலையை இழுத்துக் கட்டினான்.